பாக்கியிருந்த அரைச் சுற்று

காருக்கு அடியில் மல்லாந்தபடி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, மகள் இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்தாள். கூடத்தில் அப்பாவின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்களின் செருப்புகள் அவள் காதோரமாகப் போய்வந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒரு ஜோடி நின்றது.

"கண்ணு, அடியில யாரு, நீயா? என்ன பண்றே?"

சித்தப்பா. டார்ச்சோடு அவள் சொன்ன பதில், அவளுடைய நோயாளிகள் அவளுக்குச் சொல்லும் பதில் மாதிரியே இருந்தது. அவள் பல் டாக்டர்.

கார் அவளைவிடப் பதினோரு வயது மூத்தது. இங்கிலாந்தில் பிறந்ததால் வீட்டில் அதற்குத் துரை என்று பேர். மழை பெய்தால் உள்ளே நனையும், வெயிலடித்தால் கிளம்பாது, நின்ற இடமெல்லாம் ஆயில் விடும். "ஒழுகினாத்தான் உள்ள இருக்குன்னு அர்த்தம்" என்று அப்பா அதற்கும் வக்காலத்து வாங்குவார்.

பிரேக் எண்ணெய் ஓடும் இரும்புக் குழாய்கள் மட்டும் ஒழுகக் கூடாது. அவை துருப்பிடித்து, நகத்தால் சுரண்டினால் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தன. மூன்று ஞாயிறு அப்பாவும் மகளும் அடியில் கிடந்து, எல்லாவற்றையும் கழற்றி எறிந்து, புதுச் செம்புக் குழாய் போட்டார்கள். குழாய் முனையை விரித்து நட்டுக்குள் உட்காரவைப்பதில் அவள் கை அப்பாவுடையதைவிடச் சுத்தம். கடைவாய்ப் பல்லில் பழகிய கை.

ஆனால் கடைசி நட்டை மட்டும் அவள் முழுசாக முறுக்கக் கூடாது. அப்பா முப்பத்தாறு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர். ரிப்பேரான லிஃப்டில் எவன் முதலில் ஏறுகிறானோ அவன்தான் கடைசி நட்டை முறுக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். "அப்பத்தான் எவனும் வீட்டுக்குப் போற அவசரத்துல முறுக்க மாட்டான்." துரையை முதலில் ஓட்டப்போவது அப்பா. அதனால் பின்சக்கரத்துக் குழாயின் நட்டில் அரைச் சுற்று அவருக்கென்று விட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் போன் செய்தாள். "முறுக்கிட்டீங்களாப்பா?"

"நீ பல்லப் பாரு, நான் நட்டப் பாக்குறேன்."

அது பதிலே இல்லை என்பது அப்போது தோன்றவில்லை. முந்தாநாள் காலையில் துரையை எடுத்துக்கொண்டு தெருச் சரிவில் இறங்கினார். கீழே திரும்ப வேண்டிய கார் திரும்பாமல் மூலைவீட்டுச் செடிவேலியில் போய் முட்டியது. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். இதயம் நின்றதால் கார் நிற்கவில்லையா, கார் நிற்காததால் இதயம் நின்றதா என்று அவர் சொல்லவில்லை. வீட்டில் யாரும் கேட்கவுமில்லை. அம்மா இரண்டு நாளாக அவளிடம் பேசியது "சாப்டியா" மட்டும்தான்.

சற்று முன் வாசல் நாற்காலிகளில் இருந்தவர்களிடம் சித்தப்பா கதையை விரித்துக்கொண்டிருந்தார். "வேலியத் தாண்டி, துணிக்கொடியத் தாண்டி, சமையல்கட்டு வரைக்கும் போயிடுச்சுங்க. அந்த வீட்டம்மா துரைக்கும் சேத்து டீ போட்டுட்டாங்க." உண்மையில் ஒடிந்தவை நாலு கிளைதான்; துரையை அன்றே கயிறு கட்டி இழுத்துவந்து வாசலில் விட்டிருந்தார்கள்.

"ஏன், பிரேக் பிடிக்கலையா?" என்றார் ஒருவர்.

வாழ்நாளில் எந்தக் கதையையும் பாதியில் நிறுத்தியிராத சித்தப்பா, அவளைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். அதைக் கேட்டுத்தான் அவள் காருக்கு அடியில் போனாள்.

நட்டைச் சுற்றி விரலால் தடவினாள். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, வெறும் புழுதி. ஸ்பேனரை மாட்டித் தள்ளினாள். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். சுவரைத் தள்ளுவதுபோல் இருந்தது. நட்டின் ஒரு முகத்தில், ஸ்பேனர் வழுக்கிய புதுக் கீறல், அவள் போடாதது, பளபளத்தது.

டார்ச்சை எடுத்த பிறகும் அவளுக்கு வாய் மூடவில்லை.

அம்மாவின் பாதங்கள் வந்தன.

"வெளிய வா. அப்பாவக் கொண்டுபோற வேன் வந்துடுச்சு. இது வழிய மறிச்சிட்டு நிக்குது."

"வர்றேம்மா."

பாதங்கள் போகவில்லை.

"இறுக்கமா இருக்கா?"

நட்டைப் பற்றி அம்மாவிடம் அவள் சொன்னதே இல்லை.

"இருக்கும்மா."

"ஒழுகலையே?"

"ஒரு பொட்டு இல்ல."

அம்மா காரோரமாகக் குனிந்தாள். "அன்னிக்கு இப்படித்தான் அடியில கெடந்தாரு. காபி ஆறுதுன்னு கத்துனேன். ஒடனே எந்திரிச்சு வந்துட்டாரு. பாதியில விட்டுட்டு வந்துட்டாரோன்னு..."

"முழுசா முறுக்கிட்டுத்தாம்மா வந்திருக்காரு."

அவள் அடியிலிருந்து வெளியே வந்தாள். காரைத் தள்ளுவதற்கு நாலு பேர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார்கள்.

"தள்ள வேண்டாம். அவ ஓட்டுவா" என்று சொல்லிவிட்டு அம்மா மறுபக்கக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். துரையோடு அம்மாவுக்குப் பேச்சுவார்த்தை நின்று பல வருஷம்.

முதல் தடவையிலேயே கிளம்பியது. இதைச் சித்தப்பா சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். வாசலில் இருந்தவர்கள் மட்டும் மரியாதையாக நாலடி விலகி நின்றார்கள்.

கார் மெதுவாக உள்ளே உருண்டது. மதிலுக்கு ஒரு சாண் முன்னால் அவள் மிதித்தாள். நின்றது.

சாவியைத் திருகி அணைத்தாள். பின்னால் வேன் வந்து நிற்பதும் அதன் கதவு திறப்பதும் கேட்டன. இருவரும் இறங்கவில்லை. அவள் கால் பிரேக்கின் மேலேயே இருந்தது.