ஈரம் காயாத கூழ்

1

முத்துச்செல்விக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. காலையிலிருந்து குனிந்தபடி வாழைநார்க் கூழை அலசுகிறாள்.

(இப்படித் தொடங்கினால்தான் எனக்குக் கை ஓடுகிறது. வாழைத்தார் சுமந்து வளர்ந்தவன் நான். இடுப்பு வலி தெரியும், வேதியியல் தெரியாது. பழங்காநத்தம் பக்கம் ஒரு ஆய்வுக்கூடத்தில், காகிதத் துண்டு வழியே மின்சாரம் போவதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.)

2

பாலிஅனிலின் என்பது மின்சாரம் கடத்தும் பச்சை நிறப் பிளாஸ்டிக். அதை வாழைநார்க் கூழில் செய்த காகிதத்தில் ஏற்றினால், தூக்கிப்போட்ட பின் பெரும்பகுதி மக்கிவிடும் மின்கருவிகள் செய்யலாம். ஆனால் ஆய்வு மாணவி முத்துச்செல்வியின் காகிதத்தில் அந்தப் பச்சை ஒட்டவில்லை. விரலால் தேய்த்தால் சுண்ணாம்பாக உதிர்ந்தது. திங்கட்கிழமைக்குள் அந்தக் காகிதம் வழியே ஒரு விளக்காவது எரியாவிட்டால் ஆய்வையே மூடச் சொல்லிவிட்டார் பேராசிரியர்.

அவள் கண்ணீரோடு சன்னலைப் பார்த்து... இல்லை. அழ அவளுக்கு நேரமில்லை. புதுக் கூழ் கேட்டு சோழவந்தானுக்குப் போன் போட்டாள்.

3

சீனியம்மாள் சோழவந்தானில் நாரில் கூடை பின்னுகிறவள். முத்துச்செல்விக்குக் கூழ் அவித்துத் தருகிறவளும் அவளே. வயது முப்பத்தைந்து. (அறுபது என்று எழுதிப் பார்த்தேன், ஞானம் பேச ஆரம்பித்துவிட்டாள். அந்த வயதை அடித்துவிட்டேன்.)

ஆய்வுக்கூடத்துக்கு வந்து கூழ் வாளியைத் தொம்மென்று வைத்தாள்.

"என்னக்கா, சொதசொதன்னு இருக்கு? காயவச்சுத்தானே கொண்டாரச் சொன்னேன்?"

"மூணு நாளா மழ. ஒன் தலையிலயா காயவைக்க? ஏத்தா, கூடைக்குச் சாயம் போடுறவ சொல்றேன், காஞ்சு முறுகுன நாரு சாயம் குடிக்காது. போன மாசமே சொன்னேன். எம்புட்டுப் படிச்சு என்ன, காதுல வாங்குனியா?"

வேறு வழியில்லாமல் முத்துச்செல்வி ஈரக்கூழிலேயே, பாலிஅனிலினாக மாறும் மருந்தைச் சொட்டவிட்டாள். வெள்ளைக் கூழ் நீலமாகி, கரும்பச்சையானது. அலசினாள். பச்சை போகவில்லை.

நாரிழைக்குக் கண்ணுக்குத் தெரியாத கைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றனவாம். காயும்போது ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்கின்றன. திரும்ப நனைத்தாலும் முழுக்க விடுவதில்லை. ஈரத்தில் நீரை மட்டும் பிடித்திருக்கின்றன; பாலிஅனிலின் வந்தால் இடம் கொடுக்கின்றன. குப்பை என்று நான் வெட்டி எறிந்த தண்டுக்குள் இத்தனை கைகள்! இதை எழுதும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

கூழைக் காகிதமாக அழுத்தி, பேட்டரிக்கும் விளக்குக்கும் நடுவே சேர்த்தாள். கடுகளவு சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஆத்தாடி! நாரு வழியாவா கரண்டு வருது? தொட்டா அடிக்குமா?" என்றாள் சீனியம்மாள்.

"அடிக்காதுக்கா."

தொட்டாள். கையை எடுக்கவே இல்லை.

4

ஒரு முடிவில், ஆய்வுக் கட்டுரையில் சீனியம்மாள் பெயரும் வந்தது. பொய்யாக இருந்தது, கிழித்தேன். கட்டுரையின் முதல் பத்தியிலேயே உலராத கூழ்தான் காரணம் என்றிருக்கிறது. மேலே இரண்டே பெயர்கள்: முத்துச்செல்வி, பேராசிரியர். "அடுத்ததுல போட்டுக்கலாம்மா" என்றார் அவர். முத்துச்செல்வி தலையாட்டினாள்.

திருத்த இன்னும் பத்து நாள் இருக்கிறது. அவள் என்ன செய்வாள் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். இன்றைய தேதியில், அந்தக் கட்டுரையில் சீனியம்மாளுக்கு அவள் பெயர் பாக்கி.