எஸ்.ஐ. குருவிளாவின் குளியல்

குளிப்பாட்டப் போனால் அடி நிச்சயம். ஹோம் நர்ஸ் எல்சம்மாவுக்கு அது பழகிப்போயிருந்தது. எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வுபெற்ற குருவிளாவுக்குப் பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்து, புத்தியும் தடுமாறி மூன்று வருஷம். வலது கைக்கு மட்டும் ஒரு கேடும் வரவில்லை. பாழாய்ப்போன அந்தக் கை, சட்டையைக் கழற்றினாலே பாயும். போன மாதம் அவள் பல் ஒன்று போயிற்று.

அன்றைக்கு மார்பைத் துடைக்கக் குனிந்தவளின் முடியைக் கொத்தாகப் பிடித்துக் கட்டில் சட்டத்தில் மோதினார். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது.

“சொல்லுடா, ஆலப்பறம்பு பேபிச்சா. குருசடிக் கோயில் உண்டியலை உடைச்சது நீதானே? உள்ளங்காலு இன்னும் தாங்குமாடா?”

ஆலப்பறம்பு எல்சம்மா பிறந்த வீடு. பேபிச்சன் அவள் தம்பி. செய்யாத திருட்டுக்கு ஸ்டேஷனுக்குப் போய் வந்தவன், ஏழாம் மாதம் ரத்தமாக மூத்திரம் பெய்து செத்தான். அடித்தது யார் என்று கடைசிவரை வாயைத் திறக்கவில்லை, அவ்வளவு பயம்.

சமையலறையில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

“ஐயோ சேச்சி, நெத்தியில என்ன? கிழவன் வேலையா?” என்றாள் குருவிளாவின் மருமகள் ஜெஸ்ஸி.

“ஆமா. தண்ணி ஆறிப்போச்சு.”

உலைநீரை அப்படியே பேசினில் கவிழ்த்துக்கொண்டு வந்தாள். வெந்து சாகட்டும் படுபாவி. கதவைச் சாத்தி, பேசினைக் கட்டிலோர ஸ்டூலில் வைத்து, போர்வையை உருவினாள்.

முழங்கை தானாகத் தண்ணீருக்குள் போயிற்று. நோயாளி மேல் ஒரு சொட்டு விழும் முன்னால் சூடு பார்த்தே இருபத்திரண்டு வருஷம் பழகிய முழங்கை. தோல் வழன்று வந்தது. துண்டைக் கடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

குருவிளா தலையைத் திருப்பிப் பார்த்தார். “பாத்துச் செய்யக் கூடாதா மோளே?”

எழுந்து பளாரென்று அவர் கன்னத்தில் ஒன்று விட்டாள். இன்னொன்றும் விட்டாள். கிழவர் விசும்பினார். அவளும் வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே பச்சைத்தண்ணீர் கலந்து, மறு முழங்கையால் சூடு பார்த்து, விட்ட இடத்திலிருந்து துடைத்தாள். அந்த வலது கையையும் விரலிடுக்கு விடாமல் கழுவினாள்.

பிறகு ஏஜென்சிக்குப் போன் போட்டாள்.

“நாளைக்கு வேற ஆளை அனுப்புங்க சாரே.”

“ஏன், அடி தாங்கலையா?”

“அடியெல்லாம் தாங்குவேன். இன்னிக்கு என் கை அவரைக் காப்பாத்திருச்சு. நாளைக்கும் காப்பாத்தும்னு எனக்கு நம்பிக்கை இல்ல.”