கட்டைவிரலுக்கு மேலே

அன்று காலை வேலைக்குக் கிளம்பும் முன் கணவர் கடைசியாகச் செய்தது, ஒரு கையில் காபியோடு நின்றபடியே அவளுடைய டேப்லெட்டில் கட்டைவிரலை அழுத்தியதுதான். பேக்கரியில் இருபது வருடம் மாவு பிசைந்த விரல், அகலத்துக்குக் குறைவில்லை. திரையில் பேக்கரி ஆட்களின் பெயர் எழுதிய சின்ன அட்டைகள். யாருக்கு எந்த நாள் வேலையோ, அந்தக் கிழமையின் கட்டத்துக்கு அட்டையை இழுத்துக்கொண்டுபோய் விட வேண்டும். அவள் தன் அலுவலகத்துக்காக வடிவமைத்த செயலி அது.

"அட்டையைக் காணோமே. என் விரலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிச்சு. எந்தக் கட்டத்துல விடறேன்னே தெரியல."

அதுவரை அவள் மௌஸால்தான் இழுத்துப் பார்த்திருந்தாள். மௌஸின் அம்பு ஊசி மாதிரி, எதையும் மறைக்காது. விரல் அப்படியா? அவள் ஸ்கேலை எடுத்து அவர் விரலை அளந்தாள். மோதிரமா, உறையா என்று கேட்டுச் சிரித்தார். தொட்ட அட்டை விரலுக்கு மேலே எழுபத்திரண்டு பிக்சல் எழும்பி நிற்கும்படி மாற்றிக் கொடுத்தாள்.

"இப்பத் தலையை நீட்டுது," என்றார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். பிற்பகலில் பேக்கரி அடுப்பருகே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவள் அலுவலகம் திரும்பியபோது, மேலாளர் அந்த எழுபத்திரண்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவர் மேசையில் மௌஸ்தான். பிடித்த மாத்திரத்தில் அட்டை அம்பை விட்டுத் துள்ளுகிறது, பேய் பிடித்த அட்டை, எடுத்துவிடுங்கள் என்றார். தப்பு அவளுடையதுதான். அந்த மாற்றத்தை வீட்டில் விரலை மட்டும் வைத்துச் சோதித்தவள், மௌஸுக்கும் அதையே போட்டிருந்தாள். மௌஸுக்கு வேண்டாம், விரலுக்கு இருக்கட்டுமே என்று கெஞ்சாத குறையாகக் கேட்டாள். ரெண்டு விதமாக எழுதினால் ரெண்டு தடவை சோதிக்க வேண்டும் என்று அவர் தலையாட்டி மறுத்தார்.

யாருடைய விரலை அளந்து வந்த எண் அது என்று அவள் வாய் திறக்கவில்லை. சொன்னால் இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்துவிடுவார். இரக்கத்தில் நிற்கிற எண்ணாக அது இருக்கக் கூடாது.

"இதை வச்சு வேலை பார்க்கப்போறவங்களையே கூட்டிட்டு வர்றேன் சார். அப்புறம் முடிவு பண்ணுங்க."

மறுநாள் நாத்தனார் வந்தாள். அதே பேக்கரியில் மேற்பார்வையாளர். அவளிடமும் அந்த எண்ணின் கதையைச் சொல்லவில்லை. முதலில் அட்டை எழும்பாத செயலியைக் கொடுத்தார்கள். நாத்தனார் மும்முரமாக நாலு அட்டையை இழுத்து விட்டாள், விரலை எடுத்தாள், முகம் மாறியது.

"போச்சு அண்ணி. ஞாயித்துக்கிழமை லீவு கேட்டு ஒரு மாசமா என் உயிரை எடுக்கறவனை ஞாயித்துக்கிழமையிலயே போட்டுட்டேன். என்னைத் தட்டுல வச்சு அடுப்புக்குள்ள தள்ளிடுவான்."

மேலாளர் சிரித்துவிட்டு, தன் ஒல்லி விரலால் தானே முயன்றார். அவருடைய அட்டை வியாழனில் விழுந்தது. செவ்வாய்க்கு என்று எடுத்தது.

அடுத்து, எழும்புவது. நாத்தனார் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி எல்லாவற்றையும் அடுக்கி முடித்தாள். "எங்க வீட்டு விரலுக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்கு அண்ணி," என்றாள். அதைக் கேட்டவள் குனிந்து டேப்லெட்டைத் துடைத்தாள்.

மேலாளர் மௌஸுக்குச் சுழியம் போடச் சொன்னார். விரலுக்கானதைத் தொட வேண்டாம் என்றார்.

பிறகு செயலியின் நிறம் மாறியது, எழுத்து மாறியது, மேலாளரும் வேறு வேலைக்குப் போய்விட்டார். இன்றும் விரலால் தொட்டால் அட்டை அதே எழுபத்திரண்டு பிக்சல் எழும்புகிறது.