ஏழாம் நிலாவில் பெரட்டு

1

இந்தக் கதை ஓர் உடைந்த தண்ணீர்க் குழாயிலிருந்து பிறந்தது. [மற்றவர்களுக்குக் கடலிலிருந்தும் காதல் தோல்வியிலிருந்தும் கதை கிடைக்கிறது. எழுதுகிறவளுக்குக் கிடைத்தது குழாய்.]

எழுதுகிறவளுக்குக் கதையில் சர்மிளா என்று பெயர். "நான்" என்று தொடங்கி எழுதிப் பார்த்தாள். அந்தச் சொல் வகுப்பில் தனியாக எழுந்து நிற்கும் பிள்ளையைப் போல நின்றது; எல்லோரும் திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தது. அடித்துவிட்டாள். ஆகவே சர்மிளா.

முதல் தொடக்கம்: "கி.பி. 4012. ஷார்மோனாக் கோளின் பேரழகுச் சக்கரவர்த்தினி தன் விண்கப்பலின் –"

வேண்டாம். சக்கரவர்த்தினி யாரென்று தெரிந்துவிடும்.

இரண்டாவது: "பனி மூடிய மலைச்சாரலில் தேயிலைக் கொழுந்துகள் –"

வேண்டவே வேண்டாம். பொகவந்தலாவையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் பனியில்தான் தொடங்குகிறார்கள். இங்கே இருப்பவர்களுக்குப் பனி என்றால் காயாத துணி.

மூன்றாவது: ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தோட்டத்துப் புள்ளக்காம்பராவில் நான்கு பேர் உட்கார்ந்து விண்கப்பல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

இது இருக்கட்டும்.

2

புள்ளக்காம்பரா என்பது, கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம். ஞாயிறு பூட்டியிருக்கும். சாவி நிஷாந்தியின் சித்தியிடம். அங்குள்ள நாற்காலிகள் மூன்று வயதுக்கு அளவானவை. முழங்கால் காதைத் தொட உட்கார்ந்துதான் அண்டவெளியைக் கைப்பற்ற வேண்டியிருந்தது.

விளையாட்டு இதுதான். ஒருவர் ஓர் உலகத்தைச் சொல்வார். மற்றவர்கள் அதில் இறங்கி, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வந்தால் தாயக்கட்டையை உருட்டவேண்டும். ஹட்டனில் போன் கடையில் வேலை செய்யும் பிரதாப், சர்மிளாவின் மாமா மகன், இதை இணையத்தில் கண்டுபிடித்தான். விதிகள் ஆங்கிலத்தில் இருந்தன. பாதியை வாசித்தான்; மீதியைத் தானே இயற்றினான்.

உலகத்தைச் சொல்கிறவள் சர்மிளா. கொப்பி கொப்பியாக உலகங்களை எழுதி வைத்திருந்தவள் அவள் மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் பெயரைக் கூப்பிட்டு எழும்பச் சொன்னார்கள். எழும்பினாள். பதில் வரவில்லை. வீட்டுக்குப் போனாள். பிறகு போகவே இல்லை. [சுருக்கிச் சொன்னால் அவ்வளவுதான். விரித்துச் சொன்னாலும் அவ்வளவுதான்.] ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் மன்னனாக, கொள்ளைக்காரனாக, பேசும் எந்திரமாக வாய் ஓயாமல் பேசினாள். வாரத்தில் அவள் குரல் வெளியே வந்தது அந்த ஒரு பொழுதில்தான்.

அதுவும் இப்போது போகப் பார்த்தது.

3

"சர்மிளா, குறை நினையாதேயும்," என்றான் ஜனார்த்தனன். "உம்மட உலகத்தில வாற அரசாங்கம் ஒண்டும் நம்பக்கூடியதா இல்லை."

ஜனார்த்தனன் ஹட்டனில் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவரின் மகன். போன் திருத்த வந்து பிரதாப்புக்குக் கூட்டாளியானவன். உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படித்தவன். எனவே அவன் சொன்னதில் நியாயம் இருக்கக்கூடும். [நியாயம் இருந்தது. அதனால்தான் கோபம் வந்தது.]

முதல் அரசாங்கம் ஒரு சக்கரவர்த்தி. பிரதாப் இறங்கியதும் அவரைச் சுட்டுவிட்டான். பிறகு அந்தக் கோளில் பேசுவதற்கே ஆளில்லை.

இரண்டாவதில் ஒன்பது அமைச்சுகள். சர்மிளா வண்ணப் பென்சிலில் படம் போட்டு வந்தாள். கொழுந்து பறிக்கும் நிஷாந்தி, விளையாட்டில் கப்பல் தலைவி, கையைத் தூக்கினாள்.

"கப்பல் எறங்குன எடத்துல குழா ஒடஞ்சு தண்ணி ஓடுது. யார்ட்ட சொல்றது?"

அவர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குப் பின்னால் நிஜமாகவே குழாய் உடைந்து வாரக்கணக்காகி இருந்தது. சர்மிளா படத்தைத் துழாவினாள். நட்சத்திரப் போக்குவரத்துக்கு அமைச்சு இருந்தது. கனவுகளுக்குக்கூட இருந்தது. குழாய்க்கு ஒருவருமில்லை.

"நம்ம ஊர்லயும் அப்படித்தானே," என்று பிரதாப் காப்பாற்றப் பார்த்தான்.

"ஓம். ஆனா இவ வேணுமெண்டு அப்பிடிச் செய்யேல்லையே," என்றான் ஜனார்த்தனன்.

மூன்றாவது, எல்லாம் அறிந்த மாபெரும் கணினியின் ஆட்சி.

"மழ பேஞ்சா கரண்டு போகுமேடி, அப்ப?" என்றாள் நிஷாந்தி. அரசாங்கம் கவிழ்ந்தது.

"அடுத்த ஞாயிறும் இப்படின்னா ஜனா ஒலகம் சொல்லட்டும்," என்றான் பிரதாப். "நீ கப்பல்ல சமையலுக்கு இரு சர்மி. அதுக்குப் பேசவே தேவையில்ல."

அன்பாகத்தான் சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை.

4

[இங்கே ஒரு பக்கத்துக்கு அரசியல் தத்துவம் இருந்தது. எழுதியவளே வாசித்துக் கொட்டாவி விட்டதால் எடுக்கப்பட்டது. நன்றி எல்லாம் வேண்டாம்.]

ஞாயிறு வந்தது. நான்காவது அரசாங்கம் வரவில்லை. கப்பல் ஏழாம் நிலாவில் இறங்கிவிட்டது. மூன்று பேரும் சர்மிளாவின் வாயைப் பார்த்தார்கள்.

"விடியுது," என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "சங்கு ஊதுது," என்றாள். சத்தியமாக அதற்குமேல் அவளிடம் ஒன்றுமில்லை.

"ஐயையோ!" நிஷாந்தி துள்ளினாள். "எந்திரி பிரதாப்பு. நான் போய் வரிசைல நிக்கிறேன்."

"இரு, நானும் வர்றேன்."

"எந்த வரிசை?" ஜனார்த்தனன் திகைத்தான். "அவ ஒரு வரிசையும் சொல்லேல்லையே!"

"பெரட்டு மச்சான். காலைல போய் நின்னாத்தான் வேல பிரிச்சுக் குடுப்பாங்க. லேட்டானா பேர் கெடைக்காது. அன்னைக்கு நாளே கணக்குல இல்ல."

"நீங்கள் விண்வெளிக் கொள்ளைக்காரர்! கப்பல் இருக்கு, கதிர்த்துவக்கு இருக்கு! ஆர் உங்களை நிக்கச் சொன்னது?"

பிரதாப் நிஷாந்தியைப் பார்த்தான். நிஷாந்தி தன் வெறுங்கையைப் பார்த்தாள்.

"துவக்க கீழ வச்சிட்டுத்தான் நிக்கிறேன்," என்றாள்.

ஜனார்த்தனன் சின்ன நாற்காலியில் சாய்ந்தான். "சரி. இதை நம்புறன்."

வண்ணப் பென்சிலில் ஒன்பது அமைச்சு போட்டவளுக்கு இரண்டு சொல்லில் அரசாங்கம் கிடைத்துவிட்டது. [கதை இங்கே முடிந்திருந்தால் அவளும் கெட்டிக்காரியாக இருந்திருப்பாள்.]

5

வரிசை என்றால் எதிரே ஓர் ஆள் நிற்க வேண்டும். உலகத்தைச் சொல்கிறவள்தான் அந்த ஆள். பெரட்டில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் கண்டாக்கு ஐயாவானாள் சர்மிளா.

"என்னா நேரம் இது? தொரை வூட்டுக் கல்யாணமா, ஆடி அசஞ்சு வர்றதுக்கு?"

குரல் ஓட்டுக்கூரையில் மோதித் திரும்பியது. சக்கரவர்த்தியாக இருந்தபோதுகூட இப்படி வரவில்லை. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"பேரு?"

"நிஷாந்திங்க ஐயா."

"நேத்து ஏன் வரல?"

"காய்ச்சலுங்க."

"காய்ச்சலா? ஹட்டன் கடைவீதில சுத்துற காய்ச்சலா?"

யாரும் சிரிக்கவில்லை. தினமும் "ஊமச்சி" என்று சர்மிளாவைச் சீண்டுகிற நிஷாந்தி தலையைக் குனிந்து, கைகட்டி நின்றாள். மறுநாள் காலை இதே மாதிரி நிஜமாக நிற்கப் போகிறவள்.

சர்மிளாவுக்கு அது பிடித்திருந்தது. [இந்த வரியை இரண்டு தடவை அடித்து இரண்டு தடவையும் திரும்ப எழுதியிருக்கிறாள்.] ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்த வாய் திறந்தபோது எந்தக் குரல் வந்தது பாருங்கள். தன் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டாள். அந்த இடத்தில் இப்போது உட்கார்ந்திருந்தது யாரென்றுதான் தெரியவில்லை.

6

முடிவு ஒன்று: நிஷாந்தி துவக்கை எடுத்துச் சுடுகிறாள். நிலா விடுதலையாகிறது. [தாயக்கட்டையில் நல்ல எண் விழவேண்டும். நிஷாந்திக்கு விழுந்ததாகச் சரித்திரமில்லை.]

முடிவு இரண்டு: எல்லோரும் அந்தி வரை வேலை செய்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்புகிறார்கள். அரசாங்கம் அப்படியே இருக்கிறது. ஜனார்த்தனன் முழுப் புள்ளி கொடுப்பான்.

நடந்தது வேறு. குனிந்த தலை மெல்ல நிமிர்ந்தது. உதட்டோரம் பழைய நிஷாந்தி இருந்தாள்.

"ஐயா, வரிசைல இன்னொரு ஆளும் இருக்குங்க. அது பேரையும் கூப்புடுங்க."

"யாரு?"

"சர்மிளான்னு ஒரு புள்ள. கப்பல்லதான் வந்துச்சு. பேசாதுங்க. ஆனா வந்திருக்கு."

பிரதாப் ஒரு சின்ன நாற்காலியை இழுத்துத் தனக்கும் நிஷாந்திக்கும் நடுவில் போட்டான். ஜனார்த்தனன் படித்த அரசியல் விஞ்ஞானத்தில் இதற்குப் பாடமில்லை.

கண்டாக்கு கூப்பிட்டார். அந்தக் குரலுக்குத்தான் குறைவில்லையே.

பதில் சொல்லவேண்டியவளும் அவளேதான். மூன்று பேரும் காலி நாற்காலியைப் பார்த்தார்கள்.

"நான் வந்திருக்கேன்" என்றால் முடிந்தது. ஆனால் அதை எழுதினால், முதல் பக்கத்தில் அடித்த சொல் மறுபடி எழுந்து நிற்கும். இவ்வளவு நேரம் "அவள், அவள்" என்று ஒளிந்ததெல்லாம் வீணாகும். ஆகவே கீழே ஒரு வரி இடம் விட்டிருக்கிறது. போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள் என்று நினைத்தாலும், வீட்டுக்கு ஓடிவிட்டாள் என்று நினைத்தாலும் நீங்களே நிரப்புங்கள். அவள் இரண்டுக்கும் லாயக்கானவள்.

சீக்கிரம். லேட்டானால் பேர் கிடைக்காது.

"சர்மிளா!"

"....................."