முருகையனின் கிரிவலம்

முருகையன் மின்கம்பத்திலிருந்து விழுந்து மூன்று வருடம் ஆகிறது. தண்டுவடம் நசுங்கியதில் தொப்புளுக்குக் கீழே அவருக்கு உணர்ச்சி இல்லை. வாரம் ஒருமுறை அடி அண்ணாமலையில் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவரும் நர்ஸ் நான். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் நெஞ்சிலிருந்து தொட்டுக்கொண்டே இறங்குவேன். "இருக்கு, இருக்கு" என்பார். ஒருநாள் பஞ்சு தொடை வரை இறங்கிய பிறகும் "இருக்கு" என்றார்.

"பரீட்சையில காப்பி அடிக்கிறீங்களா?" என்றேன்.

"ஆசதான் சிஸ்டர்" என்று சிரித்தார்.

போன வருடம் அசையாமல் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்தே பின்புறத்தில் புண் வரவழைத்துக்கொண்டவர் இந்த மனிதர். அது ஆறும்வரை மாதக்கணக்கில் குப்புறக் கிடந்தார். ஆறிய கையோடு எஸ்.டி.டி. டெலிபோன் பூத் வைக்க அனுமதி கிடைத்தது. திங்கட்கிழமை திறப்பு. மறுபடி புண் வந்தால் மறுபடி படுக்கைதான், பூத் வேறு யாருக்காவது போய்விடும். இந்த லட்சணத்தில், சித்ரா பௌர்ணமிக்கு சக்கர நாற்காலியில் மலையைச் சுற்றப்போவதாகச் சொன்னார். உயிர் பிழைத்தால் இருவரும் சுற்றிவருவதாக அவர் மனைவி வெள்ளையம்மாள் வேண்டிக்கொண்டிருந்தாளாம்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனாலும் வேண்டுதலைத் தடுக்க நான் யார்? "வழியில இருக்கிற எட்டு லிங்கத்துகிட்டயும் வண்டிய நிறுத்துங்க. கைய ஊனி ஒடம்பத் தூக்குங்க, பின்னால அழுத்தம் கொறையும். கால்ல ஷூ போட்டுக்குங்க" என்றேன்.

"இன்னா சிஸ்டர், மலைய சுத்தும்போது எவனாவது செருப்பு போடுவானா?"

"நீங்க எங்க நடக்கப் போறீங்க? காலு வழுக்கி ரோட்டுல தேஞ்சா உங்களுக்குத் தெரியுமா?"

அவர் மசியவில்லை. நான் ஜைனப் பெண், எனக்கு இதெல்லாம் புரியாது என்று அவர் நினைத்திருக்கலாம். வெள்ளையம்மாள்தான் வழி கண்டுபிடித்தாள். பழைய வேட்டியைக் கிழித்து, பஞ்சு வைத்து, அவர் பாதங்களை மெத்தையாகச் சுற்றி வண்டியோடு தளர்வாகக் கட்டுவதாகச் சொன்னாள். "இது துணிதானே, செருப்பில்லையே." எனக்கும் சம்மதம், அவருக்கும் சம்மதம்.

பௌர்ணமியன்று விடியற்காலையில் கிளம்பினார்கள். நான் மதியம் போனபோது அப்போதுதான் வந்திருந்தார்கள். கூட்டம் ஒரு பக்கம், நான் சொன்ன எட்டு நிறுத்தங்கள் ஒரு பக்கம், வெயில் ஏறிய பிறகுதான் திரும்ப முடிந்ததாம்.

அவரைக் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்தோம். துணியை அவிழ்த்தேன். பாதங்களில் ஒரு கீறல் இல்லை. இடுப்புக்குக் கீழே பழைய புண் இருந்த இடத்தில்தான் சிவப்பாக ஒரு தடம். விரலால் அழுத்தினேன். எடுத்ததும் வெளுத்தால் ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். சிவப்பு அப்படியே நின்றால் தோல் கெட ஆரம்பித்துவிட்டது.

வெளுத்தது. மெல்ல நிறம் திரும்பியது. இன்னொரு முறையும் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் மூச்சு விட்டேன். "திங்கக்கெழம தாராளமா பூத்தத் தொறங்க" என்றேன்.

குப்புறப் படுத்தவருக்குத் தரைதானே கண்ணில் படும். மோர் கொண்டுவந்த வெள்ளையம்மாளின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பாதங்களின் ஓரத்தை ஊன்றி நடந்து வந்தாள்.

"என்னை உக்கார வையுங்க சிஸ்டர்" என்றார். உட்காரவைத்தோம். "ஏய், இங்க உக்காரு. காலக் காட்டு."

"ஒண்ணுமில்ல. மோரக் குடிங்க."

அவர் எட்டி அவள் கையைப் பிடித்து உட்காரவைத்து, காலைத் தூக்கிப் பார்த்தார். உள்ளங்கால் முழுக்கத் தார் ரோட்டுச் சூட்டில் கொப்புளங்கள். சில உடைந்திருந்தன.

"அய்யோ, கால விடுங்க! பாவம் வரும்" என்று இழுத்தாள். அவர் விடவில்லை.

"வலி தெரியாத காலுக்குத் துணி கட்டி வுட்டுட்டு, வலிக்கிற கால வச்சிக்கினு வெயில்ல தள்ளிக்கினு வந்திருக்க. ஒரு வார்த்த சொன்னியாடி?"

அவர் குரல் உடைந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒவ்வொரு வாரமும் அவர் காலைப் பார்த்த நான், பக்கத்திலேயே நின்ற இவள் காலை ஒருநாளும் பார்த்ததில்லை.

தண்ணீரும் மருந்தும் கொடுத்தேன். அவரே கழுவினார், அவரே தடவினார். வெள்ளையம்மாள் கூச்சத்தில் நெளிந்தாள்.

"திங்கக்கெழம நீ நடந்து வராத" என்றார்.

"பின்ன பூத்து பூசைக்கு எப்படி வர்றது?"

"எம் மடியில உக்காந்து வா."

"அதுக்கும் புண்ணு வரும், கம்முனு இருங்க" என்று நான் அதட்டினேன். அவள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.