இடப்பக்கம் வந்த பெருமாள்

என் அகத்துக்காரர் சக்ரபாணி, தூத்துக்குடியில் ஒரு சின்னப் பெருமாள் கோயிலில் அர்ச்சகர். எண்பத்தொன்பதாம் வருஷம் ஒரு சனிக்கிழமை கற்பூரத் தட்டை ஏற்றியவர், மூலவரை விட்டுவிட்டு இடப்பக்கம் திரும்பி, அங்கே நின்ற உடன்குடிக் கருப்பட்டி வியாபாரி மந்திரமூர்த்தி அண்ணாச்சிக்கு முழு ஆரத்தி காட்டிவிட்டார். அண்ணாச்சி கும்பிட்ட கையோடு பின்னால் திரும்பிப் பார்த்தார். சுவரில் கரண்ட் மீட்டர்தான் இருந்தது.

“சாமி, நமக்கு எதுக்கு இதெல்லாம்?” என்று கூசிக்கொண்டே கேட்டார். தட்டில் மட்டும் வழக்கத்தைவிடக் கூடப் போட்டார்.

வீட்டில் கேட்டேன். “இடப்பக்கம் பெருமாள் சேவை சாதிக்கறார், குமுதா. முதல்ல துளசி வாசனை வரும். அப்புறம் அவரே வருவார்” என்றார்.

இத்தனை வருஷம் கைங்கர்யம் பண்ணியும் கனவில்கூட எட்டிப் பார்க்காதவர், இப்போது வாரத்தில் இரண்டு தடவை வருகிறார் என்றால் எனக்குச் சந்தேகம் வராதா? டாக்டர் ஜேசுபாதத்திடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் மதுரைக்கு அனுப்பி எடுத்த ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“வலது நெத்திப்பொட்டுக்கு உள்ள ஒரு கட்டி இருக்கும்மா. இதுவும் ஒரு வலிப்புதான். கை காலை இழுக்காது, காட்சி காட்டும். கட்டிய எடுத்தா பொழைச்சுக்கிடுவாரு. விட்டா ஒரு வருஷம் தாங்காது.”

“பெருமாள்?”

“எடுத்துட்டா அவரு வரமாட்டாரு.”

சர்ச்சுக்குப் போகிற வேதக்காரராக இருந்தும் மரியாதையாகத்தான் சொன்னார்.

இவர் ஒப்பவில்லை. “கண்ணெதிரே நிக்கறவரைக் கத்தியால எடுக்கறதா?” என்றார். டாக்டர் கொடுத்த மாத்திரைகளைத் துளசி மாடத்தில் புதைத்து வந்ததைப் பிறகுதான் கண்டுபிடித்தேன். அந்தத் துளசிக்கு இன்றுவரை வலிப்பு வந்ததில்லை.

கெஞ்சினேன், திட்டினேன், பட்டினி கிடந்தேன். பெருமாளுக்கு ஊர் ஊராகக் கோயில் இருக்கிறது. எனக்கு இவர் ஒருத்தர்தான். கடைசியில் ஆத்திரம் தாங்காமல் கேட்டேன்: “வந்து நிக்கறவர் மார்பில நாச்சியார் இருக்காளா? இல்லே, தனியா ஊர் சுத்தறாரா?”

நாச்சியார் மார்பை விட்டு ஒரு நொடியும் பிரியமாட்டாள் என்பது எங்கள் சம்பிரதாயம். அவள் இல்லையென்றால் அது பெருமாளே இல்லை. இவருக்கு முகம் மாறிவிட்டது.

“பார்க்கலையே. திருவடியைத்தானே சேவிச்சிண்டிருந்தேன்.”

மறுநாள் இவர் சாப்பிடும்போது பெருமாள் வந்தார். பிசைந்த கை அப்படியே நின்றது. இடப்பக்கம் பார்த்து மெல்லப் புன்னகைத்தார். கல்யாணத்தன்றுகூட என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை. நான் சாதக் கரண்டியோடு நின்று அழுதுகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பினார்.

“நாச்சியார் இல்லை. இவர் பெருமாள் இல்லை. டாக்டர்கிட்ட தேதி கேளு.”

“ஸ்கேனக் காட்டியும் அசையாத மனுசன், இப்ப எப்படிம்மா ஒத்துக்கிட்டாரு?” என்று டாக்டர் வியந்தார்.

மதுரையில் ஆபரேஷன் நடந்தது. தலைக்கட்டோடு கண் விழித்தவர் முதலில் இடப்பக்கம்தான் பார்த்தார். அங்கே நான் உட்கார்ந்திருந்தேன். என்னைத் தெரிந்தது, பேர் சொல்லிக் கூப்பிட்டார். எனக்குப் போன உயிர் வந்தது. ஆனால் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

“அவர் பெருமாளே இல்லேன்னேளே. அப்புறம் எதுக்கு அழறேள்?”

“நாச்சியார் இருந்தாள், குமுதா. மார்பிலதான் இருந்தாள்” என்றார். “நீ அழுதிண்டே நின்னியே, நான் என்ன பண்ண?”