கைசாவின் காருக்குக் குளிர்காலம்

கைசாவின் கார் பனியைப் பார்த்ததே இல்லை. அக்டோபர் பிறந்ததும் அதைக் கழுவித் துடைத்துக் கொட்டகைக்குள் விட்டுப் போர்வை போர்த்திவிடுவாள். டர்போ வைத்த வேக வண்டி, தரையோடு தரையாக ஓடுவது. பனி உருகச் சாலையில் கொட்டும் உப்பு அதற்கு ஆகாது என்பாள். ஏப்ரலில் வெளியே எடுப்பாள். இந்த ஏப்ரலில் எடுக்கவில்லை. அப்போது மருத்துவமனையில் இருந்தாள். மாதம் முடிவதற்குள் இறந்துபோனாள்.

அவள் கணவன் இல்மாரி டிசம்பரில் அந்தப் போர்வையை இழுத்துப் போட்டான். வேறு வழியில்லை. வீட்டுக்கென்று இருந்த பழைய காரின் அடித்தகடு துருப்பிடித்துப் பொத்தலாகி, வாகனச் சோதனையில் தேறவில்லை. வீடோ ஒவுலு நகரத்துக்கு வெளியே, பேருந்து எட்டிப் பார்க்காத சாலையில். மகள் வென்லா கோடையிலிருந்து வெகு தொலைவிலுள்ள கூசமோ ஊரில், கைசாவின் அம்மா ஹில்க்காவிடம் இருக்கிறாள். நான்கு வயது. அவளை அழைத்துவரப் போவதாகத் தொலைபேசியில் சொன்னான்.

"எந்த வண்டில?" என்றாள் ஹில்க்கா.

"கைசாவோடதுல."

"பனிக்காலத்துலயா? அதுல நான் புள்ளைய ஏத்த மாட்டேன்."

"தயார் பண்ணிடுவேன்."

"பண்ணி எடுத்துக்கிட்டு வா, பாக்கறேன். இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள வரலைன்னா இங்கயே பாலர் பள்ளியில பேர் குடுத்துடுவேன். எத்தனை நாள்தான் புள்ள துணிப் பெட்டியத் தொறந்தும் தொறக்காமயும் இருக்கும்?"

அவள் சொன்னதில் தவறில்லை. கோடையில் அவனால் தனக்கே சமைத்துக்கொள்ள முடியவில்லை. இப்போது முடிகிறது. அந்த வித்தியாசத்தைத் தொலைபேசியில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டான்.

சனிக்கிழமை கைசாவின் தம்பி ஆர்வோ ஜாக்கியோடும் ஒரு பொட்டலம் சாசேஜோடும் வந்தான். காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

"இவ்வளவு தாழ்வா போனேன்னா ரோட்டுப் பனிய நீயே வழிச்சுத் தள்ளிடுவே. அப்புறம் அரசாங்கம் உனக்குச் சம்பளம் குடுக்கணும்."

"ஸ்பிரிங்க மாத்தணும்."

"அக்கா இத எறக்குறதுக்கு ஒரு கோடை பூரா இதுக்கடியிலயே கெடந்தா."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி. ஸ்பேனர எடு."

கைசா கழற்றி வைத்திருந்த பழைய ஸ்பிரிங்குகள் கொட்டகை மூலையில் இருந்தன. அவள் முறுக்கிய போல்ட்டுகளை ஒவ்வொன்றாக இல்மாரி அவிழ்த்தான். அழுகை வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை, முழங்கைதான் வலித்தது. கார் மேலே எழுந்து நின்றபோது வேறு யாருடையதோ போல இருந்தது.

பிறகு எண்ணெயை வடித்துக் குளிரில் உறையாத மெல்லிய எண்ணெய் ஊற்றினார்கள். புது பேட்டரி போட்டார்கள். குளிர்காற்று புகாமல் ரேடியேட்டரின் கீழ்ப்பாதியை அட்டையால் மறைத்தார்கள். எஞ்சினைச் சூடாக வைக்கும் மின்கம்பியை உள்ளே பொருத்தி, அதன் செருகுவாயை முன்பம்பரில் பதித்தார்கள். கடைசியாக, பனியில் வழுக்காதபடி ஆணி பதித்த புது டயர்கள்.

"இதக் கேளு," என்றான் ஆர்வோ. "புது ஆணி ரப்பர்ல நல்லா உக்காரணும். கூசமோ வரைக்கும் சவ ஊர்வலம் மாதிரி போ. டர்போவ ஒருதரம் எழுப்புனே, அத்தனையும் தெறிச்சுடும். அம்மா முப்பது வருஷம் தபால் வண்டி ஓட்டுனவ. கைய வச்சுத் தடவிப் பாப்பா."

சொல்லிவிட்ட பிறகுதான் சவ ஊர்வலம் என்ற வார்த்தை அவனுக்கே உறைத்தது. சாசேஜைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான். இதெல்லாம் இல்மாரிக்குப் பழகிவிட்டது.

ஞாயிறு காலை சரியான குளிர். மூக்கு மயிர் உறைந்தது. இரவெல்லாம் முற்றத்து மின்கம்பத்தோடு இணைந்து கிடந்ததால் எஞ்சின் ஒரே சாவியில் உயிர்பெற்றது. இல்மாரி அது சீராகும்வரை காத்திருந்தான். குழந்தை இருக்கையைப் பார்த்தான், கண்ணாடியைப் பார்த்தான், கிளம்பினான்.

படார் என்று ஒரு சத்தம்.

இறங்கிப் பார்த்தான். கம்பத்திலிருந்து வந்த கம்பியைக் கழற்றவே இல்லை. பம்பரிலிருந்த செருகுவாய் வேரோடு பிடுங்கிக்கொண்டு தொங்கியது. இரவு அங்கேயே தங்கியிருந்த ஆர்வோ காப்பிக் கோப்பையோடு வாசலுக்கு வந்தான்.

"எனக்குக் கேட்டுச்சு."

"சிரிக்காத."

"நான் எங்க சிரிச்சேன்? பழைய வண்டில அக்கா ரெண்டு தடவ பண்ணிருக்கா. இந்த ஊர்ல இதப் பண்ணாதவன் இன்னும் வண்டியே ஓட்டலைன்னு அர்த்தம்." குனிந்து பார்த்தான். "கடையெல்லாம் பூட்டு. இது இல்லாம ராத்திரி வெளிய நின்னுச்சுன்னா காலையில கெளம்பாது. போன காலோட திரும்பிடு."

திரும்புவதென்றால் குழந்தையோடு இருட்டில் அத்தனை தூரம். போகாமலே இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நின்றான். பிறகு இருக்கையில் ஏறி உட்கார்ந்தான்.

வழி நெடுக மெதுவாகவே போனான். மர லாரிகள் பின்னால் வந்து விளக்கடித்து, பனித்தூளை வாரியிறைத்துவிட்டுக் கடந்தன. ஒரு கிழவர் பழைய டப்பா வண்டியில் முந்திப் போகையில், இந்தக் காரையும் இவனையும் மாறி மாறிப் பார்த்துத் தலையாட்டினார். நேரான சாலையில் கார் தானாக முன்னே இழுத்தது. காலை ஒரு விரலளவு அழுத்தினால் போதும். அழுத்தவில்லை. வலது கால் முழுவதும் மரத்துப்போனது.

கூசமோ சேர்ந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. வென்லா ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள். கையசைக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். ஹில்க்கா வெளியே வந்து, வணக்கம்கூடச் சொல்லாமல் கையுறையைக் கழற்றிவிட்டுப் பனியில் மண்டியிட்டாள். ஒவ்வொரு டயராகத் தடவினாள்.

"எல்லாம் இருக்கு," என்றாள். "ரொம்ப மெதுவா வந்திருக்கே."

"ஆமா."

"கைசா இப்படி வந்திருக்க மாட்டா." எழுந்தவள் பம்பரைப் பார்த்தாள். "இது என்ன தொங்குது?"

"கழட்டாமக் கெளப்பிட்டேன்."

"இன்னைக்கா?"

"இன்னைக்குத்தான்."

இல்மாரி தொடர்ந்தான். "வெளிய நின்னா காலையில ஸ்டார்ட் ஆகாது. அதான், இப்பவே வென்லாவ ஏத்திக்கிட்டு..."

"இருட்டுலயா? நடுரோட்டுல மான் நிக்கும். அதெல்லாம் வேண்டாம்."

அவ்வளவுதான் என்று நினைத்தான். சோர்வாக இருந்தது. திரும்பிப் போகும் சாலைதான் கண்முன் நின்றது.

ஹில்க்கா வீட்டுக்குள் போகவில்லை. முற்றத்தைக் கடந்து தன் கொட்டகைக் கதவைத் திறந்தாள். உள்ளே விளக்கும் வெதுவெதுப்பும் இருந்தன. தன் காரைப் பின்னோக்கி எடுத்து வேலியோரம், குளிரில் நிறுத்தினாள். இறங்கிவந்து அதைக் கம்பத்தோடு செருகினாள். பிறகு இவனைப் பார்த்துக் கையை ஆட்டினாள், உள்ளே வா என்று.

அவன் காரைக் கொட்டகைக்குள் விட்டான். சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஹில்க்கா கண்ணாடியைத் தட்டினாள்.

"என்ன காத்துக்கிட்டிருக்கே?"

"டர்போ கொஞ்சம் ஆறணும். உடனே நிறுத்தக் கூடாதுன்னு கைசா சொல்லுவா."

"நீ வந்த வேகத்துக்கு ஆறுறதுக்கு என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லைதான்."

ஹில்க்கா கையுறையை மாட்டிக்கொண்டு கதவில் சாய்ந்தாள்.

"சரி, ஓடட்டும்," என்றாள். "காலையில நல்லா வெளிச்சம் வந்தப்புறம் கெளம்புங்க. வென்லாவோட துணியெல்லாம் மடிச்சு வைக்கணும்."